அறுபத்தொரு கிலோ

நாம் நித்தியகல்யாணி என்போம்.
சுடுகாட்டிலும் விடாமல் பூப்பதால்
வாசலில் வைக்கத் தயங்குவோரும் உண்டு.

மடகாஸ்கரின் தென்கோடியில்
சப்பாத்திக்கள்ளி வேலிகளுக்கு அப்பால்
அதே பூவை வேரோடு பிடுங்கி
உலர்த்தி மூட்டை கட்டுகிறார்கள்.
மூட்டை கப்பலேறிப் போய்
துளி மருந்தாகி
எங்கோ ஒரு பிள்ளையின்
கெட்டுப்போன ரத்தத்துக்குள் இறங்கும்.
வோலாசுவாவுக்கு அது தெரியும், யாரோ சொன்னார்கள்.
தெரியாதது
இந்த வியாழக்கிழமை கிலோ என்ன விலை என்பது.

கம்பெனியிலிருந்து ஓதில் வந்திறங்கினாள்.
நாற்பத்திரண்டு கேள்விகள், வெயிலில் சிவந்த மூக்கு.
தாளின் தலையில்
மனித உரிமை என்று அச்சிட்டிருந்தது.
மொழிபெயர்க்க வந்த ரெமனின்ட்ரி
கொஞ்சம் யோசித்து
"ஆளுக்கு உரியது" என்றான்.
கொள்முதல் ஏஜெண்ட் சட்டென்று சொன்னான்:
"ஆளுக்கு உரியதை
அன்றன்றே கொடுத்துவிடுகிறோமே."

ஏழாவது கேள்வி, தராசு.
"சரியாக இருக்கிறதா?"
"இருக்கிறது."
கட்டத்தில் பேனாவை வைத்தவள்
எடுத்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
வேர்மூட்டைக்குப் பதில்
தானே மேடைத்தராசில் ஏறி நின்றாள்.

ஐம்பத்தேழு.

கொல்லென்று சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
"வீட்டில் கிளம்பும்போது அறுபத்தொன்று.
விமானத்திலும் ஜீப்பிலும்
உட்கார்ந்தேதான் வந்தேன்.
நாலு கிலோவை எங்கே தொலைத்தேன்?"

ரெமனின்ட்ரி இதை மொழிபெயர்க்கவில்லை.
தேவைப்படவில்லை.
ஏஜெண்ட் தராசைத் தட்டினான்,
காற்று என்றான்,
புழுதி என்றான்.
வோலாசுவா விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்:
பதினைந்து மூட்டைக்கு ஒரு மூட்டை.
மழை பொய்த்த வருஷம் அலுமினியப் பானையை விற்றாள்.
அதற்கு அடுத்த வருஷம் மூடியை.

பத்தொன்பதாவது கேள்வி,
"குழந்தைகள் வேலை செய்கிறார்களா?"
பதினோரு வயது மசினாரி
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"உதவி செய்கிறாள்" என்றாள் தாய்.
ரெமனின்ட்ரியின் நாக்கு
இரண்டு சொற்களுக்கு நடுவில் நின்றது.
வேலை என்றால்
கம்பெனி இந்த ஊரையே விட்டுப் போய்விடலாம்.
உதவி என்றால்
மசினாரியின் கை நாளைக்கும் செடியில்தான்.
"இரண்டும்" என்றான்.
நாற்பத்திரண்டு கேள்விகளிலும்
அந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை.

ஓதில் தாளைத் திருப்பினாள்.
பின்பக்கம் வெற்று.
"கிலோவுக்கு எவ்வளவு தந்தால்
இவள் பள்ளிக்கூடம் போவாள்?"

விலையை யாரும்
இந்தத் திசையிலிருந்து கேட்டதில்லை.
ஊர் கொஞ்ச நேரம் மூச்சு விடவில்லை.
பிறகு ஒரே சமயத்தில் எல்லோரும் பேசினார்கள்.
வோலாசுவா காசில் சொல்லத் தெரியாமல்
தண்ணீரில் சொன்னாள்:
இப்போது ஒரு கிலோவுக்கு
அரைக் கேன் தண்ணீர் வாங்கலாம்.
ஒரு கேன் வாங்க முடிந்தால்
இவள் ஏன் இங்கே நிற்கிறாள்?

அடுத்த அறுவடைக்குப் புதுத் தராசு வந்தது.
ஏஜெண்டும் மாறினான், பழையவனின் மைத்துனன்.
விலை முக்கால் கேன் வரைக்கும் ஏறி
அங்கேயே உட்கார்ந்துவிட்டது.
தொலைந்த மூட்டைகளுக்கு
இரண்டு வருஷக் காசு தந்தார்கள்.
அதற்கு முந்தையவற்றுக்குக்
கணக்கு இல்லை என்று கடிதம்.
மசினாரி வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போகிறாள்.
வியாழன் அந்த மூன்றில் இல்லை.

தராசோடு இருபது கிலோ எடைக்கல் ஒன்றும் வந்திருந்தது.
அதை ஏஜெண்டிடம் கொடுக்கக் கூடாது,
ஊரிடம் கொடுக்க வேண்டும் என்று
ஓதில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்.
ஊர் அதை வோலாசுவாவிடம் கொடுத்தது.

ஒவ்வொரு வியாழனும்
தன் மூட்டையைப் பக்கத்து வீட்டு வண்டியில் போட்டுவிட்டு
இரும்பைத் தலையில் வைத்துக்கொண்டு
ஐந்து கிலோமீட்டர் நடக்கிறாள்.
முதலில் கல் ஏறும்,
முள் இருபதில் நிற்கும்,
அப்புறம்தான் வேர்.

அந்த இருபது கிலோவுக்கு மட்டும்
இன்னும் யாரும் காசு தருவதில்லை.